கார்டுக் கடன் தீர கணவன்–மனைவி கணக்கு



எடமலைப்பட்டி புதூர்க் கடையில் கிரெடிட் கார்டைத் தேய்ப்பது சுலபம். கடனை அடைப்பதுதான் கஷ்டம். கந்து வட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழக அரசு சட்டம் போட்டது. கார்டு வட்டியோ சட்டப்படி வருவது. ஆனாலும் கணக்குப் பாருங்கள்.

பாக்கி ரூ. 20,000. மாதம் 3½ சதவீதம் என்றால் வட்டி ரூ. 700, அதன்மேல் 18 சதவீத வரி ரூ. 126. 'குறைந்தபட்சத் தொகை' என்று ரூ. 1,000 கட்டினால் அசலில் கழிவது ரூ. 174தான்! ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிய கதை.

செய்ய வேண்டியவை:

1. ஒருவருக்கொருவர் மறைக்காதீங்க. இரண்டு பேரும் உட்கார்ந்து எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள்.

2. பாக்கி தீரும்வரை கார்டைப் பெட்டியில் பூட்டி வையுங்கள். பாக்கி நிற்கும்போது புதுச் செலவுக்கும் அன்றே வட்டி ஓடும்.

3. கூட்டுறவுச் சங்க நகைக்கடன், மகளிர் குழுக் கடன் இவற்றுக்கு வட்டி குறைவு. அதை வாங்கிக் கார்டுக் கடனை அடைக்கலாம். நகையை மீட்கத் தவணை தவறக் கூடாது.

4. வசூலுக்கு வருபவர் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக்கூடாது, மிரட்டவும் கூடாது. முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் 14448-க்குப் பேசுங்கள்.

கடன் கவலையால் தூக்கம் கெட்டு, விபரீத எண்ணம் வந்தால் உடனே 104-ஐ அழையுங்கள். கடனை அடைத்துவிடலாம், போன உயிர் திரும்பாது.