ஒரே செட் டம்ளர்

ஸ்ரீவில்லிபுத்தூர்

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். போன ஞாயிறு ராஜபாளையத்தில் உங்கள் வீட்டில் பார்த்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மில் ஷிப்ட் முடிந்து நேராக வந்த, நீ விரும்புகிற அந்த ஒடிசா பையனின் புருவத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. வாசற்படிக்கு வெளியே நின்றே தண்ணீர் குடித்தான். அவன் போனதும் உன் அம்மா அந்த டம்ளரை மட்டும் தனியாகக் கழுவி, கொல்லைத் திண்டில் கவிழ்த்து வைத்தாள். நீ கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

அந்த டம்ளர் எனக்குப் பழக்கம். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவின் பங்குக்கு என்று எழுதிய இலங்கைவாழ் இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரில் நம் குடும்பமும் உண்டு. 1974இல் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்தோம். இலங்கையில் நான் 'தோட்டக்காட்டாள்', இங்கே வந்தால் 'சிலோன்காரி'. உன் மாமாவைக் கட்டிப் பத்து வருஷம் கழித்துத்தான் இந்தத் தெரு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது. உன் அப்பாவும் அதே கப்பலில் ஏழு வயதுப் பிள்ளையாக என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவன்தான். அவனே இன்று "வடக்கனுக்கா பொண்ணு?" என்று குதிக்கிறான். அவனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

நீ செய்ய வேண்டியது வேறு. ஊர் வாய்க்குப் பயந்து அந்தப் பையனை விட்டுவிடாதே. அதற்காக ஊர் வாயை அடைக்க வேண்டுமென்று கட்டிக்கொள்ளவும் செய்யாதே. வீம்பில் கட்டின தாலி, வீம்பு தணிந்ததும் கனக்கும்.

முதலில் அவன் ஊரைப் பார்த்துவிட்டு வா. கஞ்சம் மாவட்டம் என்றாயே, சென்னையில் ஹவுரா ரயில் பிடித்தால் வழியில் பிரம்மபூர். துணைக்கு நான் வருகிறேன். அங்கே நீதான் வெளியூர்க்காரி. அவன் அம்மா உனக்கு எந்த டம்ளரில் தண்ணீர் தருகிறாள் என்று பார். அவன் தமிழ் பேசுகிறான் என்று பூரிக்கிறாயே, நீ எத்தனை ஒடியா வார்த்தை கற்றாய்? 2023 மார்ச்சில் வடமாநிலத்தவரை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவியபோது, அவனும் பையைக் கட்டினானாம். அப்படி இன்னொரு நாள் வந்தால் யார் எங்கே போவீர்கள்? அவன் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்.

சட்டத்தைப் பற்றிப் பயப்படாதே. உனக்கு 18, அவனுக்கு 21 தாண்டிவிட்டது. வயது வந்த இருவர் சம்மதித்தால் குடும்பமோ ஊரோ குறுக்கே நிற்க முடியாது என்று 2018இல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மிரட்டல் வந்தால் போலீஸ் பாதுகாப்புத் தர வேண்டும். சிங்கப்பூரில் ஒர்க் பர்மிட்டில் இருக்கிற நம் சின்னவன் அந்நாட்டுப் பெண்ணைக் கட்ட நினைத்தால், மனிதவள அமைச்சிடம் அனுமதி வாங்க வேண்டும். இங்கே சர்க்கார் அப்படிக் கேட்பதில்லை, தெருதான் கேட்கிறது. கல்யாணம் எந்த முறையில் நடந்தாலும் 90 நாளுக்குள் பதிவு செய்துவிடு.

'உங்க ஊர் ஆண்டாளே வெளியூர் மாப்பிள்ளையைத்தானே கட்டினாள்' என்று நீ மடக்குவாய். வாஸ்தவம். ஆனால் அவளுக்கு ரேஷன் கார்டு மாற்றுகிற வேலை இல்லையே!

வருகிற ஞாயிறு அவனை என் வீட்டுக்குக் கூட்டி வா. உன் அப்பா, அம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் உள்ளே உட்காருங்கள். இலங்கைத் தோட்டத்தில் குடித்த மாதிரி பிளேன் டீ போடுகிறேன். என் வீட்டில் டம்ளர் ஒரே செட்தான்.

அன்புடன்,
அத்தை