விலாசம் காட்டாத செயலி



தம்பி, கொழும்பு மட்டக்குளியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதமும் செயலிக்காக வரைந்த பக்கங்களும் கிடைத்தன. வேலை தேடுகிறவரையும் ஆள் தேடுகிற முதலாளியையும் போனிலேயே சேர்த்துவைக்க வேண்டும் என்கிறீர்கள். நல்ல எண்ணம். இதே யோசனையோடு இன்னும் சிலர் இருப்பார்கள் என்பதால் பதிலைப் பகிரங்கமாகவே எழுதுகிறேன்.

உங்கள் பதிவுப் படிவத்தைப் பார்த்தேன். வேலை தேடுகிறவரிடம் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், மதம், படித்த பாடசாலை என்று முழ நீளத்துக்குக் கேட்கிறீர்கள். முதலாளியிடம் கடையின் பெயரும் போன் நம்பரும் போதும் என்று விட்டிருக்கிறீர்கள். இதை அப்படியே தலைகீழாக்குங்கள்.

கொழும்பு 15 என்ற விலாசத்துக்கு வேலைச் சந்தையில் என்ன மதிப்பு என்று மட்டக்குளிக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்குள்ள சமிட்புர என்றோ ஹேனமுல்ல என்றோ போட்டால் நேர்முகத்துக்கே கூப்பிடமாட்டார்கள் என்று பயந்து, வெள்ளவத்தை மாமி வீட்டு விலாசத்தைப் போடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இது நம்மூர் நோய் மட்டுமல்ல. பொஸ்டனிலும் சிக்காகோவிலும் சுமார் 5,000 போலி விண்ணப்பங்களை அனுப்பி, 2004இல் முடிவை வெளியிட்டார்கள் பெர்ட்ரண்ட், முல்லைநாதன் என்ற இரு பொருளியலாளர்கள். ஒரே தகுதிதான். வெள்ளையர் பெயர் போட்ட விண்ணப்பத்துக்கு ஐம்பது வீதம் அதிகமாக அழைப்பு வந்தது. வசதியான பகுதி விலாசத்துக்கும் கூடுதல் அழைப்புத்தான்.

காலை எட்டரைக்கு ஆள் கடைக்கு வந்து சேருமா என்பதுதான் முதலாளிக்குத் தெரியவேண்டியது. அதைச் செயலியே கணக்கிட்டு, "பஸ்ஸில் இவ்வளவு நேரம்" என்று காட்டட்டும். பெயரும் விலாசமும் நேர்முகத்துக்கு நாள் குறித்த பிறகு போகட்டும். அடையாள அட்டை இலக்கத்தைப் பதிவின்போது வாங்கவே வேண்டாம். பிறந்த ஆண்டு, ஆணா பெண்ணா எல்லாம் அந்த இலக்கத்துக்குள்ளேயே இருக்கிறது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் வேறு வந்துவிட்டது. வாங்கிவைத்தால் காக்கும் பொறுப்பும் உங்கள் தலையில்தான்.

இனி முதலாளி பக்கம். "கவர்ச்சிகரமான சம்பளம்" என்ற சொல்லை உங்கள் செயலி ஏற்கவே கூடாது. எத்தனை ரூபா? 2026 ஜனவரி முதல் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. அதற்குக் கீழே எழுதினால் விளம்பரம் ஏறாமல் நிற்கட்டும். ஊழியர் சேமலாப நிதி கட்டுவாரா என்று கேளுங்கள். முதலாளி 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் கட்டவேண்டும்; அந்த நிதிக்கான சட்டம் 1958இலிருந்தே இருக்கிறது. ஆனாலும் பல கடைகளில் அந்தப் பேச்சை எடுத்தாலே முகம் மாறும். நியமனக் கடிதம் உண்டா? கடை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள்? மாதக் கடைசியில் ஸ்டொக் எடுக்கும் நாளில் பெண் பிள்ளைகளை எத்தனை மணிக்கு விடுவார்கள்? புறக்கோட்டையிலிருந்து இரவில் மட்டக்குளிக்குத் திரும்புகிறவளுக்குச் சம்பளத்துக்கு அடுத்தபடி இதுதான் முக்கியம்.

இவ்வளவு கேட்டால் எந்த முதலாளி வருவார் என்பீர்கள். குறைவாகத்தான் வருவார்கள், வரட்டும். கணினிக்கு முன்னால் உட்காரும் வேலைக்கு டொப்ஜொப்ஸ் இணையத்தளம் இருக்கிறது. கேஷியர், லொறி உதவியாள், சமையல்காரர், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, இவர்களுக்கு இன்னமும் பெரும்பாலும் அயலவர் வாய்ச்சொல்தான். பெங்களூரில் 2007இல் ஷோன் பிளாக்ஸ்வெட் என்பவர் தொடங்கிய பாபாஜொப் தளம் இப்படிப்பட்ட ஆட்களுக்காகவே வந்தது. மிஸ்ட் கோல் கொடுத்தே அதில் பதியலாம் என்று வைத்திருந்தார்கள். 2017இல் குவிக்கர் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. நீங்களும் எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். தமிழிலும் சிங்களத்திலும் பேசிப் பதிய ஒரு பொத்தான் வையுங்கள். சுயவிபரக்கோவை என்றதும் போனைக் கீழே வைத்துவிடுகிறவருக்கும், தான் செய்த வேலையைப் பற்றிப் பேசச் சொன்னால் ஐந்து நிமிடம் போதாது.

ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டு வேலைகளைத் தொடவே வேண்டாம். அதற்கு 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். வேலை தேடுகிறவரிடம் ஒரு சதமும் வாங்காதீர்கள். அவரிடம் காசு வாங்க இறங்கினால் நீங்களும் இன்னொரு புரோக்கர்தான்.

முகத்துவாரம், கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை மூன்று பகுதிகளும் தொடக்கத்துக்குப் போதும். முதலாளிக்கான படிவத்தை முதலில் எழுதி எனக்கு அனுப்புங்கள். இதை வாசிக்கும் கடைக்காரர்களில் சம்பளத்தை இலக்கத்தில் எழுதச் சம்மதிக்கிறவர்கள் இருந்தால் அவர்களும் எழுதட்டும்; இந்தத் தம்பியிடம் நானே சேர்த்துவிடுகிறேன்.