எங்க ஆயாவின் பலாவும் கொடைக்கானல் வெண்ணெய்ப் பழமும்

இந்த மாதம் நான் எழுத எடுத்துக்கொண்டது வீட்டுத் தோட்டத்தில் பழமரம் வளர்ப்பது பற்றி. புத்தகத்தில் படித்தது பாதி, எங்க வீட்டுத் தோட்டத்தில் கெடுத்துக் கற்றுக்கொண்டது பாதி.

எப்படி ஆரம்பித்தது?

எங்க மாமா கொடைக்கானல் போய்விட்டு வந்தபோது நாலு வெண்ணெய்ப் பழம் வாங்கி வந்தார். பட்டர் ஃப்ரூட் என்று கடையில் சொல்வார்களே, அதுதான். ஆனைக்கொய்யா என்றும் பெயர் உண்டு. பாலும் சர்க்கரையும் போட்டு அடித்துக் குடித்தோம். "ஒரு பழம் எண்பது ரூபாய்"னு மாமா சொன்னதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. நாலு கொட்டையையும் எடுத்து வைத்துக்கொண்டேன். எங்க வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய குழி சும்மாதானே கிடக்குது, அங்கே நட்டுடலாம்னு நினைத்தேன்.

அந்தக் குழி பலாமரம் இருந்த இடம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் தானே புயல் கரையைக் கடந்தது. நம்ம மாவட்டத்தில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தது எல்லார் வீட்டிலும் சொல்வார்கள். அப்போது நான் கைக்குழந்தை. அந்த மரத்துப் பழம் விற்ற காசில்தான் எங்க அப்பா படித்தார் என்று ஆயா சொல்லும். நான் ஒரு சுளைகூட சாப்பிட்டதில்லை.

வெண்ணெய்ப் பழம் எங்கிருந்து வந்தது?

இதன் சொந்த ஊர் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். இலவங்கப்பட்டை மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் தமிழ்நாட்டில் தாண்டிக்குடி போன்ற கீழ்ப்பழனி மலைப் பகுதிகளிலும், சிறுமலை, ஏற்காடு, நீலகிரி பக்கமும் காப்பித் தோட்டத்தின் இடையில் வளர்க்கிறார்கள். தடியன்குடிசையில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் டி.கே.டி.1 என்ற ரகத்தைக் கொடுத்திருக்கிறது.

இதில் மூன்று இனம் உண்டு. மெக்சிகோ இனமும் குவாத்தமாலா இனமும் குளிர்ந்த மலைக்கு ஏற்றவை. மேற்கிந்திய இனம்தான் வெப்பத்தையும் ஈரக்காற்றையும் தாங்கும். ஆகவே வடலூர் மாதிரி இடத்தில் யாராவது முயற்சி செய்தால் இந்த மூன்றாவது இனத்தைத்தான் பார்க்க வேண்டும். மலையிலிருந்து வந்த கொட்டை எந்த இனம் என்று எனக்கு யார் சொல்வது? அதுதான் நான் செய்த முதல் தவறு.

தண்ணீர்ச் சோதனை (நீங்களும் செய்யலாம்)

வெண்ணெய்ப் பழ மரத்துக்குப் பெரிய எதிரி தேங்கும் தண்ணீர். வேர் மேலாக ஓடும், மூச்சு விட இடம் வேண்டும். தண்ணீர் நின்றால் வேரழுகல் நோய் வந்து பெரிய மரமே காய்ந்துவிடும். பலாவும் தண்ணீர் நிற்பதைத் தாங்காது.

செய்முறை: இரண்டு அடி ஆழம் குழி வெட்டுங்கள். தண்ணீர் நிரப்புங்கள். முழுவதும் வடிந்ததும் இன்னொரு முறை நிரப்பி, வடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள்.

பழைய பலாக் குழிக்குள் நான் இதைச் செய்தேன். காலையில் ஊற்றிய தண்ணீர் மறுநாள் காலையிலும் நின்றது. எனக்கு நம்ப முடியவில்லை. முன்னாடி மரம் இருந்த இடமாச்சே! அப்பாவைக் கேட்டேன். பிறகுதான் தெருவை மேடாக்கினார்களாம், 2015 நவம்பர் மழையிலிருந்து நம்ம வீட்டுத் தண்ணீரெல்லாம் அந்தப் பக்கம்தான் ஓடுதாம். கிழக்கு மூலையில் செம்மண் மேட்டில் செய்தபோது இரண்டு மணி நேரத்தில் வடிந்துவிட்டது.

பாடம்: முன்பு மரம் இருந்தது என்பதற்காக இப்போதும் அதே இடம் சரி என்று நினைக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தண்ணீர் எங்கே நிற்குதுன்னு பார்த்துவிட்டுத்தான் இடம் பார்க்கணும்.

என் நாலு கொட்டைகளின் கதை

கொட்டையைக் கழுவி, தட்டையான பக்கம் கீழே வருமாறு பாதி மண்ணில் புதைக்க வேண்டும். காய விட்டால் முளைப்பு போய்விடும். இரண்டு கொட்டை அழுகிவிட்டது, நான் தண்ணீர் அதிகம் விட்டதால். மூன்றாவது முளைத்து ஒரு சாண் வந்தது, பங்குனி வெயிலில் கருகியது. நாலாவதுக்குத் தென்னங்கீற்றால் நிழல் கட்டி, வேரைச் சுற்றிக் காய்ந்த சருகை மூடாக்குப் போட்டேன். அது இப்போது என் முழங்கால் உயரம் இருக்கிறது.

ஆனால் காய்க்குமா? கொட்டையில் வந்த மரம் காய்க்க ஐந்து வருஷத்திலிருந்து பத்து வருஷமோ அதற்கு மேலோ ஆகலாம். ஒட்டுக்கன்று என்றால் மூன்று, நான்கு வருஷத்தில் காய்க்கத் தொடங்கும். அதுவுமில்லாமல், கொட்டையில் வரும் மரம் தாய் மரம் மாதிரியே இருக்காது.

உங்களுக்குத் தெரியுமா?

வெண்ணெய்ப் பழத்தின் ஒரே பூ இரண்டு முறை விரியும். 'அ' வகை மரத்தில் காலையில் பெண் பூவாக விரிந்து மதியம் மூடிக்கொள்ளும், மறுநாள் மதியத்துக்கு மேல் ஆண் பூவாக விரியும். 'ஆ' வகையில் மதியத்துக்கு மேல் பெண், மறுநாள் காலை ஆண். அதனால் இரண்டு வகையும் பக்கத்தில் இருந்தால் காய் நன்றாகப் பிடிக்கும். பழம் மரத்தில் பழுக்காது, பறித்து வைத்த பிறகுதான் மெத்தென்று ஆகும்.

ஒரு தபால்காரரும் ஒரு மரமும்

அமெரிக்காவில் கலிபோர்னியாவில் ருடால்ஃப் ஹாஸ் என்று ஒரு தபால்காரர் இருந்தார். 1920-களில் கொட்டை போட்டுக் கன்று வளர்த்து, அதில் வேறு ரகத்தை ஒட்டுக் கட்டினார். ஒரு கன்றில் மட்டும் ஒட்டுப் பிடிக்கவே இல்லை. அப்படியே விட்டுவிட்டார். அதில் வந்த பழம் மிகவும் ருசி! 1935-இல் காப்புரிமை வாங்கினார். இன்று உலகத்தில் அதிகம் விற்கும் 'ஹாஸ்' ரகம் அதுதான். தாய் மரம் வேரழுகல் நோயில் 2002-இல் பட்டுப்போனது. ஆனாலும் அதன் குச்சியை ஒட்டுக் கட்டி ஒட்டுக் கட்டி உலகம் முழுவதும் அது உயிரோடு இருக்கிறது.

நம்ம ஊரிலும் இதே மாதிரி நடந்திருக்கிறது. 1905-இல் தொடங்கிய பாலூர் ஆராய்ச்சி நிலையம், பண்ருட்டி பக்கம் பணிக்கன்குப்பத்தில் இருந்த நல்ல பலாவைத் தேர்ந்தெடுத்துத்தான் பாலூர் 1 ரகத்தைக் கொடுத்தது. இது கோடையில் மட்டுமில்லாமல் நவம்பர், டிசம்பரிலும் காய்க்கும். 2025-இல் பண்ருட்டி பலாப்பழத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இதைப் படித்து ஆயாவிடம் சொன்னேன். ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நம்ம மரத்துல ஒரு குச்சி எடுத்து வச்சிருக்கலாமே, யாருக்குத் தோணுச்சு"ன்னு சொன்னாங்க. நம்ம மரத்துக் கொட்டையைச் சின்ன ஆயா வீட்டில் போட்டு மரமாகிவிட்டது. ஆனால் அந்தச் சுளை வேற, இந்தச் சுளை வேறயாம். எங்க மரத்து ருசி புயலோடு போய்விட்டது.

என்ன நட்டோம்?

பலாவைக் கொட்டை போட்டு வளர்த்தால் எட்டாம் வருஷம் காய்ப்பு, ஒட்டுக்கன்று ஐந்தாம் வருஷம். ஆயா சொன்னது: "எட்டு வருஷம்னா நான் இருப்பேனோ மாட்டேனோ. அஞ்சுன்னா பாத்துடலாம். ஒட்டே வாங்கு." அதனால் ஒட்டுப் பலாதான் நட்டோம், கிழக்கு மேட்டில்.

1. ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்துச் சில நாள் ஆற விட்டோம்.
2. மேல்மண்ணோடு மக்கிய தொழுஉரமும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து மூடினோம்.
3. ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலே இருக்கணும். அதற்குக் கீழே வரும் துளிரைக் கிள்ளிவிடணும். இல்லாவிட்டால் அடிச்செடி ஓங்கிவிடும்.
4. காற்றில் ஆடாமல் குச்சி நட்டுக் கட்டினோம்.
5. பக்கத்து மரத்துக்கு 8 மீட்டர் இடைவெளி விட்டோம்.

வெண்ணெய்க் கன்றை அதே மேட்டின் மறுகோடியில் வைக்கப் போகிறேன். காய்த்தால் சந்தோஷம், காய்க்காவிட்டால் நிழல். பழைய குழியில் இப்போது மழைத்தண்ணீர் இறங்கட்டும்னு விட்டுவிட்டோம்.

முடிவுரை

நண்பர்களே, உங்க வீட்டிலோ கொல்லையிலோ நல்ல சுளை தரும் பலாமரம் இருக்கா? மரம் நிற்கும்போதே பழக்கப்பட்ட ஒருத்தரை வைத்து ஒட்டுக் கட்டி இரண்டு கன்றாவது எடுத்து வையுங்கள். அடுத்த புயல் எப்போது வரும்னு யாருக்கும் தெரியாது. ஒன்று உங்க வீட்டுக்கு, ஒன்று நம்ம பள்ளிக்கூடத்துக்கு. குழி வெட்ட நான் வருகிறேன்.

மரம் வளர்ப்போம்! நல்ல மரத்தை ஒட்டுக் கட்டிக் காப்போம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி