மைக்ரான் பழகிய ஊரில் மண் பிசைகிறவர்கள்

ஓசூர் சிப்காட்டில் செராமிக் என்று சொன்னால் யாருக்கும் சிலை நினைவுக்கு வராது. கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தின் தொழில்துறை செராமிக் பிரிவு இங்கேதான் இயங்குகிறது. அலுமினாப் பொடியை அச்சில் அழுத்தி, 1,600 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் சுட்டு, தேய்மானம் தாங்கும் ஓடுகளாக்கி அனுப்புகிறார்கள். சுற்றிலும் டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன். வண்டி, எஞ்சின், கைக்கடிகாரம் என்று எதைச் செய்தாலும் மைக்ரானில் அளந்தே பழகிய கைகள் இந்த ஊருக்கு. அப்படி ஒருவர் ஷிப்டு முடிந்து வந்து, ஒரு உருண்டைக் களிமண்ணை முன்னால் வைத்துக்கொண்டு, தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சிலையாக்க உட்கார்ந்தால் முதலில் கேட்பது இதைத்தான்: டிராயிங் எங்கே?

டிராயிங் கிடையாது. அங்கேதான் திண்டாட்டம் தொடங்குகிறது.

புதிதாக மண்ணைத் தொடுகிறவர்கள் பெரும்பாலும் நடந்ததை முழுக்கச் சொல்லப் பார்க்கிறார்கள். அப்பாவின் கடைசி நாட்கள் என்றால் கட்டில், குளுக்கோஸ் பாட்டில், சுற்றி நிற்கும் நான்கு பேர். கடைசியில் அது கொலுவில் வைக்கும் செட்டுப் பொம்மைபோல ஆகிவிடுகிறது. பார்ப்பவருக்கு விஷயம் புரியும்; மனசு அசையாது. இதற்கு மாற்று, ஒன்றே ஒன்றை எடுப்பது. அப்பாவின் தோள்பட்டை மட்டும். அவர் கொண்டுபோன டிபன் கேரியர் மட்டும். காலமெல்லாம் லேத்தின் முன் நின்ற ஒருவருக்கு முட்டிவலிதான் சுயசரிதை என்றால், அவர் முட்டியைச் செய்யட்டும்.

இது ஒன்றும் புதுமை இல்லை. நம் ஊர்த் தெய்வங்களின் கோயில்களில் நேர்ந்துகொண்டவர்கள் வைக்கும் மண் உருவங்களைப் பாருங்கள். கால் குணமானால் மண்ணால் ஒரு கால். பிள்ளை பிறந்தால் மண் பிள்ளை. நோய் வந்த கதை, வைத்தியரிடம் ஓடிய கதை எதுவும் அதில் இருக்காது. பட்ட இடம் மட்டும் இருக்கும். அய்யனாருக்குப் புரவி எடுக்கும் ஊர்களில் குதிரையைச் செய்பவர் குயவரான வேளார், வேண்டுதல் வேறொருவருடையது. கோயிலில் இறக்கிய குதிரை பிறகு வெயிலிலும் மழையிலும் நின்று உடையும். அதை யாரும் ஒட்டவைப்பதில்லை, அடுத்த முறை புதிதாக ஒன்று வருகிறது. சொந்த அனுபவத்தை மண்ணில் சொல்வதை மேல்நாட்டு ஸ்டூடியோக் கலை என்று நினைப்பவர்கள் ஒருமுறை இந்தக் குதிரை வரிசையைப் பார்த்துவிட்டு வரலாம்.

தொழில் நகரத்தில் இது நடக்குமா என்ற சந்தேகத்துக்கு இங்கிலாந்தின் செயின்ட் ஹெலன்ஸ் பதில் சொல்கிறது. கண்ணாடித் தொழிலுக்குப் பேர்போன ஊர் அது. 1993இல் சிற்பி ஆண்டனி கோர்ம்லி அங்கிருந்த குடும்பங்களைக் கூட்டி, செங்கல் மண்ணைக் கொடுத்து, ஏறக்குறைய 40,000 உருவங்களைச் செய்யவைத்தார். கைக்கு அடங்க வேண்டும், தானாக நிற்க வேண்டும், இரண்டு கண் வேண்டும். விதிகள் அவ்வளவுதான். செய்தவர்கள் சிற்பம் படித்தவர்கள் இல்லை. ஆனாலும் ஒன்றைப்போல் இன்னொன்று அமையவில்லை; அழுத்திய விரல் ஒவ்வொருவருக்கும் வேறு. அடுத்த ஆண்டு கோர்ம்லிக்கு டர்னர் பரிசு கிடைத்தது. இதில் எனக்கொரு நெருடல் உண்டு: கைகள் ஊராருடையவை, பெயர் அவருடையது. வேளாருக்கும் நாம் அதைத்தானே செய்கிறோம்! அது கிடக்கட்டும், அந்த விதிகள் நல்ல விதிகள். தொடக்கக்காரர் பெரிய சிலையில் கைவைக்காமல், உள்ளங்கை அளவில் பத்து உருவம் செய்து பார்ப்பது நல்லது. ஏழாவது எட்டாவது வரும்போது கை தன் பேச்சைப் பேச ஆரம்பிக்கும்.

தொழிற்சாலைக் கைக்கு இன்னொரு பழக்கம் உண்டு, ஃபினிஷிங். விரல் பதிந்த தடத்தை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துத் துடைத்து வழவழப்பாக்கிவிடுகிறார்கள். சொல்ல வந்தது அந்தத் தடத்தில்தான் இருந்தது, அதுவும் போய்விடுகிறது. சிற்பி ஹிம்மத் ஷாவின் சுடுமண் தலைகளைப் படத்திலாவது பார்க்க வேண்டும். 1933இல் குஜராத்தின் லோத்தலில், ஹரப்பா நாகரிகத் துறைமுகம் தோண்டியெடுக்கப்பட்ட அதே ஊரில், பிறந்தவர், 2025இல் மறைந்தார். அந்தத் தலைகள் பலவற்றில் கண் மூக்கு சரியாக இருக்காது. கீறல், பள்ளம், அழுத்தம் இவைதான் முகம். அழுகிற முகத்தைச் செய்தால்தான் துக்கம் தெரியும் என்பது தவறான எண்ணம். கண்ணீர்த்துளியை ஒட்டவைத்த சிலை பெரும்பாலும் சினிமா போஸ்டராகத்தான் முடிகிறது.

மனசில் இருப்பது சிலையாக நிற்க வேண்டுமென்றால் மண்ணின் கணக்கும் சரியாக இருக்க வேண்டும். இங்கே ஓசூர்க்காரர்களுக்கு அனுகூலம் அதிகம். கெட்டியான உருண்டையாகச் சிலை செய்தால் உள்ளே இருக்கும் ஈரம் சூளையில் ஆவியாகி வெடிக்கும். காற்றுக்குமிழ்தான் வெடிக்கிறது என்று பலர் சொல்வார்கள், உண்மையான குற்றவாளி ஈரம். ஆகவே செய்து முடித்து, மண் சற்று இறுகியதும் கம்பியால் இரண்டாக அறுத்து, உள்ளே குடைந்து, சுவரை ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கொண்டுவந்து, சேற்றுக் குழம்பு தடவி மறுபடி ஒட்ட வேண்டும். கண்ணில் படாத இடத்தில் ஒரு துளை அவசியம். மண்ணோடு சுட்ட ஓட்டுத்தூளைக் கலந்தால் விரிசல் குறையும். காய்ந்து சுட்டு முடிவதற்குள் உருவம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழையில்லாத மாதங்களில் இங்கே அடிக்கும் காற்றில் மெல்லிய விரலும் காதும் முதலில் காய்ந்து, தடித்த உடம்பிலிருந்து பிய்த்துக்கொள்ளும். பிளாஸ்டிக் தாளால் மூடி மெதுவாக உலரவிடுங்கள். சூளையில் 100 டிகிரியைத் தாண்டும்வரை அவசரமே கூடாது. 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். அங்கேயும் நிதானம் வேண்டும். ஹீட் ட்ரீட்மென்ட் ஃபர்னஸ் ஓட்டியவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மணிக்கு எத்தனை டிகிரி என்று நோட்டில் எழுதும் அவர் பழக்கத்தைக் கலைஞர்கள்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

மேற்பூச்சுக்கு அவசரப்பட வேண்டாம். கிளேஸ் தடித்தால் விரல் தடம் மூழ்கிவிடும். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த கறுப்பு சிவப்புப் பானை ஓடுகளில் கிளேஸ் கிடையாது. பானையைக் கவிழ்த்துச் சுட்டு, உள்ளே காற்று புகாமல் செய்து, புகையாலேயே கறுப்பு ஏற்றியிருக்கிறார்கள். கிளேஸ் வேண்டும் என்பவர்களுக்கு இந்த மாவட்டத்தின் கிரானைட் பட்டறைகளில் குவியும் கல்தூள் இருக்கிறது. கிரானைட்டில் உள்ள ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் உயர்வெப்பக் கிளேஸுக்கு அடிப்படைச் சரக்குகள். ஆனால் ஒன்று: கல்தூளும் காய்ந்த மண்தூளும் நுரையீரலுக்கு ஆகாதவை. உலர்ந்த தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். தூளைக் கலக்கும்போது நல்ல முகக்கவசம் போடுங்கள். கல் பட்டறை ஊர்க்காரர்களுக்குச் சிலிகோசிஸ் என்றால் என்னவென்று தெரியும்.

முறையாகக் கற்க விரும்புபவர்களுக்குச் சென்னை கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் செராமிக் ஸ்டூடியோ இருக்கிறது. எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரியில் பட்டப்படிப்பு உண்டு. விருத்தாசலத்தில் செராமிக் தொழில்நுட்பத்துக்கென்றே அரசுப் பயிலகம் உண்டு, ஆனால் அங்கே சொல்லித்தருவது தொழில். புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் பயின்றவர்கள் இன்று நாடெங்கும் சிற்பம் செய்கிறார்கள். மீக்கர் ஒரு விசித்திரர். பச்சை மண்ணில் வீட்டைக் கட்டி, வீட்டையே சூளையாக்கிச் சுட்டுப் பார்த்தவர்.

இவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் கார்த்திகைக்கு முன்னால் பக்கத்துக் கிராமத்தில் அகல் சுடும் குயவரிடம் போய், அவர் சூளையில் இரண்டு சிலைக்கு இடம் கேளுங்கள். கூலியைக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள்.

ஆலைகளுக்கும் ஒரு வேண்டுகோள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் கோலர் நிறுவனம் தன் கழிவறைப் பீங்கான் தொழிற்சாலைக்குள் 1974 முதல் சிற்பிகளை வேலைசெய்ய விடுகிறது. ஓசூரில் அதை அப்படியே செய்ய முடியாது; அலுமினா சுடும் வெப்பத்தில் நம் ஏரி மண் உருகி வழிந்துவிடும். ஆனால் 1,200 டிகிரி எட்டும் சிறிய மின்சூளை ஒன்றைச் சமூகப் பொறுப்பு நிதியில் வாங்கி, ஓசூர் அரசுப் பள்ளி ஒன்றில் வைக்க முடியும். பகலில் பிள்ளைகள், மாலையில் ஷிப்டு முடிந்த தொழிலாளர்கள். சூளையைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் ஏற்கெனவே இருக்கிறார்கள்.