காக்காப்பொன்னும் கார் பிளக்கும்

கேள்வி: புத்தூர் ரோட்டில் என் பெட்ரோல் கார் நன்றாகத்தான் ஓடுகிறது. திருமலைக்கு ஏறத் தொடங்கினால் மிஸ் அடித்து உதறுகிறது. பிளக் போயிருக்கும் என்கிறார் மெக்கானிக். அதிருக்கட்டும், இந்த ஸ்பார்க் பிளக்கை முதலில் கண்டுபிடித்தவர் யார்? (ஒரு வாசகர், வடமாலபேட்டை)

பதில்: நடு மலையில் வண்டி உதறும்போது பிளக்கின் பூர்வீகத்தைக் கேட்கிறீர்கள். உங்களைப் போன்றவர்களை நம்பித்தான் இந்தப் பகுதியே ஓடுகிறது.

முதலில் ஒரு புரளியை விரட்டிவிடுகிறேன். 1839 பிப்ரவரி 2 அன்று எட்மண்ட் பெர்கர் என்பவர் ஸ்பார்க் பிளக்கைக் கண்டுபிடித்தார் என்று இணையத்தில் ஒரு செய்தி ஓயாமல் சுற்றுகிறது. காப்புரிமை இல்லை, வரைபடம் இல்லை, பார்த்ததாகச் சொல்ல ஒரு சாட்சியும் இல்லை. தேதி மட்டும் கல்யாணப் பத்திரிகையில் போட்டதுபோல அவ்வளவு துல்லியம்! அப்படியே அவர் செய்திருந்தாலும் அதை எதில் மாட்டியிருப்பார்? மின்பொறியால் ஓடும் எஞ்சினை எதியேன் லெனுவார் பாரிஸில் செய்து காட்டியது 1860-ல். பெர்கர் 21 வருஷம் பிளக்கைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்திருக்க வேண்டும்.

டெஸ்லா ரசிகர்கள் கைதூக்குவது தெரிகிறது. 1898-ல் அவர் மின்பொறிப் பற்றவைப்புக்குக் காப்புரிமை வாங்கியது உண்மைதான். லெனுவாருக்கு 38 வருஷம் பின்னால்.

மாலையை லெனுவாருக்கும் போட மாட்டேன். அது அலெஸாண்ட்ரோ வோல்டாவுக்கு. 1776-ல் மாஜோரே ஏரிக்கரைச் சேற்றைக் கிளறியபோது கிளம்பிய வாயுவை (இன்று அதற்கு மீத்தேன் என்று பெயர்) அவர் பிடித்துவைத்தார். அதைத் துப்பாக்கி போன்ற ஒரு சிறு கலத்தில் அடைத்து, வாயில் தக்கை வைத்து, உள்ளே மின்பொறி விட்டார். தக்கை பறந்தது. அடைத்த வாயு, மின்காப்பு போட்ட கம்பி, பொறி, வெடிப்பு என்று உங்கள் சிலிண்டரில் நடக்கும் அத்தனையும் அந்த விளையாட்டுத் துப்பாக்கியில் இருந்தது. பிஸ்டன் மட்டும்தான் பாக்கி.

நடுவில் நடந்ததெல்லாம் சலிப்பூட்டும் கதை. பற்றவைப்பதுதான் பிரச்சினைகளுக்கெல்லாம் பிரச்சினை என்று கார்ல் பென்ஸ் நொந்துகொண்டார். 1902-ல் பாஷ் கம்பெனியின் ஹோனோல்ட், பொறிக்கு மின்சாரம் தரும் உயர் மின்னழுத்த மேக்னட்டோ செய்து அதற்கு ஒரு முடிவு கட்டினார்.

கேள்வி: அது சரி, மலையில் மட்டும் ஏன் மிஸ் ஆகிறது? (அதே வாசகர்)

பதில்: மலையில் காந்தம் இருக்கிறது, அதுதான் இழுக்கிறது என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறீர்கள். சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் கூடுதலாகப் போய் இறுகுகின்றன. அந்த நெரிசலில் பொறி தாவ வோல்ட் அதிகம் வேண்டும். தேய்ந்த பிளக்கில் இடைவெளியும் அகன்றிருக்கும். சமதரையில் ஒப்பேற்றிக்கொண்டிருந்த, அந்த வோல்ட்டைத் தரும் காயில் மலையில் கைவிரித்துவிடும். திருமலைக்கு முதல் மலைச்சாலை 1944-ல் வந்தது, இரண்டாவது 1974-ல். அதற்கெல்லாம் முன்பு மூச்சு வாங்கியது மனிதர்களுக்கு மட்டுமே.

மிஸ் ஆவது எந்த சிலிண்டர் என்று பார்க்க அந்தக் காலத்து மெக்கானிக் பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். எதைப் பிடுங்கினால் எஞ்சின் சத்தம் மாறவில்லையோ அதுதான் ஏற்கெனவே படுத்துக்கிடக்கும் சிலிண்டர். கையில் ஷாக் அடித்தால் ஒயர் வரை மின்சாரம் வருகிறது என்று அர்த்தம். இப்போது பிளக் தலைமேலேயே காயில் உட்கார்ந்திருப்பதால், ஸ்கேனரை மாட்டினால் பி 0302 என்று காட்டும். கடைசி எண்தான் சிலிண்டர். உடனே நாலு காயிலும் வாங்க ஓடாதீர்கள். இரண்டாவது சிலிண்டர் காயிலை மூன்றாவதில் மாட்டி ஓட்டிப் பாருங்கள். 0303 என்று மாறினால் குற்றவாளி காயில். மாறாவிட்டால் பிளக்கை அதேபோல் மாற்றிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று மெக்கானிக் பார்த்துக்கொள்வார். 0300 என்று வந்தால் எல்லா சிலிண்டர் மேலும் சந்தேகம். செக் எஞ்சின் விளக்கு மினுக்கினால் மட்டும் வண்டியை ஓரங்கட்டிவிடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் அங்கே எரிந்து, கேட்டலிடிக் கன்வெர்ட்டரை உருக்கிவிடும். பிளக் செலவு அதற்கு முன்னால் தூசு.

கேள்வி: பிளக்கில் வெள்ளையாக இருப்பது பீங்கானா? (ஒரு வாசகி, நகரி)

பதில்: அலுமினா, அதாவது அலுமினிய ஆக்சைடு. பீங்கானுக்கு ஒன்றுவிட்ட சகோதரன். ஆனால் இந்த வெள்ளையன் வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தது காக்காப்பொன், அதாவது மைக்கா! நான் எதை எழுதினாலும் காக்காப்பொன்னில் வந்து நிற்கிறேன் என்று ஆசிரியர் அலுத்துக்கொள்வார். அலுத்துக்கொள்ளட்டும். மைக்காவை ஏடு ஏடாகப் பிரித்து, நடுக்கம்பியில் இறுக்கிச் சுற்றிப் பிளக் செய்தார்கள். சூட்டில் பீங்கான் விரிசல் விட்டது, மைக்கா விடவில்லை. விமானங்களுக்கும் பந்தயக் கார்களுக்கும் அதுதான். இங்கிலாந்தில் கே.எல்.ஜி. பிளக்கைச் செய்த கெனெல்ம் லீ கின்னஸ், பீர் புகழ் கின்னஸ் குடும்பத்துப் பந்தய வீரர். 1929-ல் மணிக்கு 372 கிலோமீட்டர் பறந்து சாதனை செய்த ‘கோல்டன் ஏரோ’ கார் அவருடைய தொழிற்கூடத்தில்தான் உருவானது.

அன்று உலகத்துக்கு நல்ல மைக்கா கொடுத்தது இந்தியா. பீகார் ஒரு பக்கம், உங்களுக்கு வடகிழக்கே கூடூரைச் சுற்றிய நெல்லூர்ச் சுரங்கங்கள் இன்னொரு பக்கம். நெல்லூர்ச் சரக்கில் லேசாகப் பச்சை ஓடும். பிறகு பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள். ஈயம் மைக்காவை அரித்தது, அலுமினா புகுந்துவிட்டது. இன்று கார் பெட்ரோலிலிருந்து ஈயம் போய்விட்டது. மைக்காவைத் திரும்பக் கூப்பிடுவார் யாருமில்லை.

கேள்வி: புது வண்டி டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோமே, மிஸ்ஸிங்குக்கு அது உதவுமா? (அதே வாசகி)

பதில்: எலுமிச்சையே ஒரு கலப்பு மணத்தில் பிறந்தது. சிட்ரான் என்னும் தடித்தோல் பழத்துக்கும் பிலிப்பைன்ஸ் பக்கத்துக் காட்டு வகை ஒன்றுக்கும் பிறந்த பிள்ளை. இதற்குப் பெரிய சந்தை எங்கே தெரியுமா? அதே கூடூரில்! மற்றபடி, டயருக்கும் பற்றவைப்புக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பழத்தை ஊறுகாய்க்கு வையுங்கள். வடமாலபேட்டைக்காரர் மலை ஏறும் முன்பு நாலு பிளக்கையும் ஒன்றாக மாற்றிவிடட்டும்.