பரணா, கூடாரமா?

சோளக் கொல்லையில் காவலுக்குப் பரண் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஏறுகிறவர் கூச்சலிட்டுப் பறவைகளை விரட்டுவார். அமெரிக்கக் காடுகளில் வெண்வால் மானை வேட்டையாடுகிறவர்களும் மரத்தில் பரண் அமைக்கிறார்கள். ஆனால் மூச்சுக்கூடக் கேட்காமல் உட்கார்ந்திருப்பார்கள். வேறு சிலர் தரையில் சிறு துணிக் கூடாரத்துக்குள் மறைந்திருப்பார்கள். இரண்டில் எது மேல்? (நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அங்கே அது உரிமம் பெற்று, குறித்த பருவத்தில் நடப்பது.)

விடை மானின் புலன்களில் இருக்கிறது. அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால், தலையைத் திருப்பாமலே ஏறத்தாழ 300 பாகை வரை பார்க்கும். கண்மணி கிடைமட்டமாக நீண்டது. தரையை ஒட்டி எது அசைந்தாலும் தெரிந்துவிடும். 6 மீட்டர் உயரத்தில் இருப்பவரை அவ்வளவு எளிதில் கவனிக்காது. நிறத்தில் மட்டும் மான் சற்று ஏமாளி. நமக்கு மூன்று வகைக் கூம்புச் செல்கள்; அதற்கு இரண்டே. சிவப்பை உணரும் வகை இல்லை. அதனால்தான் வேட்டைக்காரர் பளிச்சென்ற ஆரஞ்சு உடுப்பு அணியலாம். மற்றொரு வேட்டைக்காரர் கண்ணில் அது உடனே படும். மானுக்கு மங்கலாகவே தெரியும்.

மூக்கு விஷயத்தில் ஏமாற்றவே முடியாது. காலையில் வெயில் பட்டு மலைச்சரிவு சூடாகும், காற்று மேலேறும். மாலையில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தை நோக்கி இறங்கும். மனித வாடையும் கூடவே போகும். ஆகவே மான் நடக்கும் தடத்துக்குக் காலையில் மேற்புறமும், மாலையில் கீழ்ப்புறமும் உட்கார வேண்டும். பரணில் இருந்தால் வாடை அருகிலுள்ள மானின் தலைக்கு மேலே கடந்து போகக்கூடும். ஆனால் மாலையில் அது கீழே இறங்கிவிடும் என்பதை மறக்கக்கூடாது. ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி, மாடியிலும் தரையிலும் வெவ்வேறு வேளைகளில் புகையைக் கவனியுங்கள், உங்களுக்கே புரியும்.

கூடாரம் அசைவை மறைக்கும். குளிர், மழையைத் தடுக்கும். அதன் உட்புறம் ஏன் கறுப்பாக இருக்கிறது தெரியுமா? பட்டப்பகலில் தெருவிலிருந்து பார்த்தால் வீட்டுச் சன்னலுக்குள் இருப்பவர் தெரிவதில்லை அல்லவா? அதே காரணந்தான். பின்புறச் சன்னலையும் திறந்து வைத்தால் வெளிச்சம் ஊடுருவி, உள்ளே இருப்பவரின் நிழலுரு காட்டிக்கொடுத்துவிடும். இன்னொரு சிக்கல்: தன் இடத்தில் திடீரென்று முளைத்த கூடாரத்தை மான் சந்தேகிக்கும். பல நாட்களுக்கு முன்பே நிறுத்தி, தழைகளால் மூடி, அதற்குப் பழக்கிவிட வேண்டும்.

இனி கணக்கு. பரண் 6 மீட்டர் உயரம், மான் மரத்தடியிலிருந்து 18 மீட்டர் தூரம். பிதாகரஸ் தேற்றப்படி சாய்தூரம் சுமார் 19 மீட்டர், வித்தியாசம் அற்பம். மான் 6 மீட்டரில் நின்றால் சாய்தூரம் 8.5 மீட்டர், கோணம் 45 பாகை! அம்பு எவ்வளவு தாழும் என்பதற்கு ஏறத்தாழ கிடைத்தூரத்தையே கொள்ள வேண்டும். அதைவிடப் பெரிய கவலை கோணம். செங்குத்தாக இறங்கும் அம்பு ஒரு நுரையீரலை மட்டும் தொட்டால், மான் காயத்தோடு ஓடி எங்கோ துடித்துச் சாகும். பொறுப்புள்ளவர் அப்போது எய்யாமல் காத்திருப்பார். தரையிலிருந்து எய்தால் இந்தச் சிக்கல் இல்லை.

பரணிலிருந்து தவறினால்? 6 மீட்டர் விழ 1.1 நொடி போதும். தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 39 கிலோமீட்டர். அமெரிக்க மான் வேட்டையில் ஏற்படும் படுகாயங்களுக்குப் பரணிலிருந்து விழுவது ஒரு முக்கியக் காரணம். ஏறத் தொடங்கும்போதே உடல் முழுவதையும் பிணைக்கும் பாதுகாப்பு வாரை மரத்தோடு கட்டிக்கொள்ள வேண்டும். இடுப்பில் மட்டும் கட்டும் வார் தொங்கும்போது மூச்சை நெரிக்கும். துப்பாக்கியைக் குண்டு நீக்கிய பின்பே கயிற்றில் கட்டி மேலே இழுக்க வேண்டும்.

நேரான, உறுதியான மரங்களும் அடர்ந்த புதரும் உள்ள காட்டில் பரணுக்கே என் வாக்கு. மரமில்லாத புல்வெளியிலும், புதிதாகக் கற்கிற சிறுவர் கூட வரும்போதும் கூடாரந்தான். சிறுவர்கள் அசையாமல் இருக்கமாட்டார்களே!