தெரு நாய்க்குத் துணை நிற்க வருகிறவர்களுக்கு

சோழவந்தானில் இளவட்டங்கள் சிலர் சேர்ந்து, தெருவில் அடிபட்டுக் கிடப்பதையும் வீடு தவறி அலைவதையும் பார்த்துக்கொள்ளக் கிளம்பியிருக்கிறீர்கள். நல்ல காரியம். கால்நடைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் சில விஷயங்களைச் சொல்கிறேன். தம்பிகளும் தங்கச்சிகளும் பொறுமையாகக் கேளுங்கள்.

1. சோற்றுச் சட்டியைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுங்கள். எந்தத் தெருவில் எத்தனை நாய், ஆணா பெட்டையா, யார் வீட்டு வாசலில் படுக்கிறது, எந்த நேரத்தில் வண்டியைத் துரத்துகிறது, எல்லாம் அதில் ஏறட்டும். காது மடலில் சின்ன வெட்டு இருந்தால் கருத்தடை ஆன நாய், அதையும் குறியுங்கள். இந்தக் கணக்கு கையில் இல்லாமல் பேரூராட்சிக்குப் போனால் "ஏகப்பட்ட நாய் திரியுது" என்று மட்டும்தான் சொல்ல முடியும். அதை வைத்து எந்த அலுவலராலும் ஒரு வேலையும் செய்ய முடியாது.

2. சோறு போட ஒரு நேரம், ஓர் இடம். குழந்தைகள் விளையாடாத, வீட்டு வாசல் அல்லாத ஓரம் பாருங்கள். தின்று முடித்ததும் இலையையும் காகிதத்தையும் நீங்களே அள்ளிவிட்டு வாருங்கள். வெந்த கோழி எலும்பு வேண்டாம். சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். பாலிதீன் பொட்டலத்தோடு எதையும் வீசாதீர்கள். அக்னி நட்சத்திரத்தில் சோற்றைவிடத் தண்ணீர்தான் முக்கியம். தொட்டியைத் தினமும் கழுவி மாற்றுங்கள், இல்லையென்றால் கொசு வளர்த்ததாக உங்களைத்தான் சொல்வார்கள்.

3. ரயில் நிலையம், பேருந்து நிலையம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, இந்த நான்கின் பக்கமும் சோறு போடாதீர்கள். 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட இடங்களில் இருக்கும் தெருநாய்களை அப்புறப்படுத்த வேண்டும், பிடித்த இடத்திலேயே திரும்ப விடக்கூடாது என்று உத்தரவிட்டது. ஸ்டேஷன் நடைமேடையில் பிஸ்கட் போட்டுப் பழக்கிய நாய்தான் முதலில் பிடிபடும். அன்போடுதான் போடுகிறீர்கள், கேடு நாய்க்கு வருகிறது. ஏற்கெனவே அங்கே பழகிய நாயை, சாப்பாட்டு இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளி வெளியே கொண்டு வாருங்கள்.

4. இனி கருத்தடை. உங்கள் உழைப்பில் பெரும்பங்கு இதற்குப் போக வேண்டும். ஒரு பெட்டைக்குச் சினைக்காலம் இரண்டு மாதம்தான். பிறக்கும் குட்டிகளில் பாதிக்கு மேல் வண்டியிலும் நோயிலும் போய்விடும். பார்த்தவர்களுக்கு அந்த வேதனை தெரியும். சென்னை மாநகராட்சி நூறாண்டுக்கு மேல் நாய்களைக் கொன்று பார்த்தது, தொகை குறையவில்லை. கேப்டன் சுந்தரம் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ், 1964இலேயே கருத்தடை செய்து திரும்ப விடும் வேலையை ஆரம்பித்தது. 1996இல் மாநகராட்சியும் அந்த வழிக்கு வந்தது. 2001இல் அதுவே நாடு முழுவதற்கும் விதியானது. இப்போது நடப்பில் இருப்பது 2023ஆம் ஆண்டு விதிகள். கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் உள்ளாட்சியின் கடமை என்றும், பிடித்த தெருவிலேயே திரும்ப விட வேண்டும் என்றும் அவை சொல்கின்றன; முன்னால் சொன்ன உச்ச நீதிமன்ற உத்தரவில் வரும் இடங்கள் மட்டும் இதற்கு விலக்கு.

ஏன் அதே தெருவில்? ஒரு தெருவை மொத்தமாகக் காலி செய்தால் அங்கே கிடக்கும் குப்பைக்கும் கறிக்கடைக் கழிவுக்கும் பக்கத்து ஊர் நாய்கள் வந்து சேரும். அவை ஊசி போடாதவை, ஆள் பழக்கம் இல்லாதவை. கருத்தடை ஆன பழைய நாய் தன் எல்லைக்குள் புதிதை லேசில் விடாது. இதை எதிர்ப்பவர்களிடம் நிதானமாக விளக்குங்கள், பெரும்பாலானோர் ஒத்துக்கொள்வார்கள். ஆறு மாதம் நிறையாததையும் பால் கொடுக்கும் தாயையும் அறுவைக்கு அனுப்பாதீர்கள்.

5. ஊசி. நாய்க்கு மூன்று மாதத்தில் முதல் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும். 1885 ஜூலை 6 அன்று லூயி பாஸ்டர் ஜோசப் மெய்ஸ்டர் என்ற சிறுவனுக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முதன்முதலாகப் போட வைத்தார். அந்த நாளையும், பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28ஐயும் ஒட்டி அரசுக் கால்நடை மருந்தகங்களில் இலவச முகாம் நடத்துவது வழக்கம். தேதியை இப்போதே நோட்டில் குறித்துவையுங்கள்.

மனிதரைக் கடித்துவிட்டால் முதல் மருந்து சோப்பும் குழாய்த் தண்ணீரும். கால் மணி நேரம் விடாமல் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதையும் அப்ப விடாதீர்கள். கழுவிய கையோடு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், ஊசி இலவசம். முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாள் என்று மருத்துவர் சொல்கிற தவணை ஒன்றையும் தவறவிடக்கூடாது. ரத்தம் வந்த காயமென்றால் இம்யூனோகுளோபுலினும் வேண்டும், கேட்டு வாங்குங்கள். கடித்த நாயை அடித்துக் கொல்ல விடாமல் பத்து நாள் கண்காணியுங்கள். அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. நோய்க்குறி வந்தபின் ஆளைக் காப்பாற்ற அநேகமாக வழியே இல்லை. நாயோடு பழகுகிற நீங்கள் கடிபடும் முன்பே போடும் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளுங்கள். அப்படிப் போட்டிருந்தாலும் கடித்தால் மறுபடி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

6. காணாமல் போனது. தீபாவளி வெடிக்கும், வைகாசியில் ஜெனகை மாரியம்மன் திருவிழா வேட்டுக்கும் மிரண்டு ஓடுகிற வளர்ப்பு நாய்கள் உண்டு. மிரண்ட நாயைக் கூட்டமாகத் துரத்தினால் தண்டவாளத்துக்கோ வைகைக் கரைக்கோ ஓடிப்போகும். கண்டவர் துரத்தாமல் இடத்தைச் சொல்லட்டும். வளர்த்தவர் வந்து தரையில் உட்கார்ந்து பேர் சொல்லிக் கூப்பிடட்டும். விடியலில் கொடிக்காலுக்கு வெற்றிலை கிள்ளப் போகிறவர்கள், பால்காரர், டீக்கடைக்காரர், இவர்களிடம் முதலில் சொல்லுங்கள். ஊர் விழிக்கும் முன் தெருவைப் பார்க்கிறவர்கள் அவர்கள்தான்.

பூனை வேறு மாதிரி. அது தூரம் போகாது. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், கிடைத்த பூனைகளில் முக்கால்வாசி தொலைந்த இடத்திலிருந்து அரை கிலோமீட்டருக்குள்தான் இருந்தன. பக்கத்து வீட்டு மாடிப்படிக்கு அடியில், விறகுக் கட்டுக்குள், ஓட்டு இடுக்கில் தேடுங்கள். ராத்திரி சத்தம் அடங்கியதும் டார்ச்சோடு போங்கள்.

நீங்கள் கண்டெடுத்த பிராணியின் படத்தைப் பரப்பும்போது ஓர் அடையாளத்தை மட்டும் மறைத்து வையுங்கள். என்னுடையது என்று வருகிறவரிடம் அதைக் கேட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

7. குரோசினைப் பூனைக்குக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள பாராசிட்டமால் பூனையைக் கொல்லும்.

8. தனியாகக் கிடக்கும் குட்டியை உடனே தூக்காதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கலாம். ஒளிந்து நின்று பாருங்கள்.

9. அடிபட்டதைத் தொடுமுன் அதன் தலைமேல் ஒரு துணியைப் போடுங்கள். வலியில் இருப்பது பழகிய கையையும் கடிக்கும். சாக்கை அடியில் விரித்து இரண்டு பேர் தூக்குங்கள். புழு வைத்த புண்ணில் மண்ணெண்ணெயும் பினாயிலும் ஊற்ற வேண்டாம். 1962க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

10. விலை கொடுத்து வாங்கிய சாதி நாயை வயதானதும் நான்கு வழிச் சாலையில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு புகார் கொடுங்கள். தயங்க வேண்டாம்.

11. நாயைக் கண்டால் நடுங்குகிறவர்களிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பிள்ளை கடிபட்ட வீட்டுக்காரர் கத்தினால் நின்று கேளுங்கள், ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போங்கள், அடுத்த தவணை ஊசியை நினைவுபடுத்துங்கள். ராத்திரி விஷச் சோறு வைக்கிற கை எங்கிருந்தோ வருவதில்லை; யாரும் காது கொடுக்காத வீட்டிலிருந்துதான் வருகிறது. கருத்தடை கேட்கும் மனுவில் அவர்கள் கையெழுத்தை முதலில் வாங்குங்கள். நாய் பிடிக்காதவரும் நாய் வளர்ப்பவரும் சேர்ந்து கேட்கிற ஒரே கோரிக்கை அதுதான், பேரூராட்சியால் அதைத் தள்ள முடியாது.

அடுத்த மழைக்காலம் வருவதற்குள் அந்த மனுவை எழுதுங்கள், தெருவாரியான கணக்கை அதோடு இணையுங்கள். கொடுக்கப் போகிற அன்று எனக்கும் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.